பிளஸ் டூ கணிதம்: காஞ்சிபுரம் தறி வீட்டின் வரவு செலவு

பொறியியல் கலந்தாய்வுக்கான தரவரிசை மதிப்பெண் 200. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஒரே பாடம் பாதியைத் தாங்குகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை, பதினைந்து பதினாறு வயதில், அந்தப் பாடத்தை எடுப்பதா விடுவதா என்று ஒரு வாரத்துக்குள் முடிவு செய்கிறது. பிள்ளையார்பாளையத்திலும் ஓரிக்கையிலும் தறி ஓடும் வீடுகளில் இந்த முடிவைப் பெரும்பாலும் பயம்தான் எடுக்கிறது. "கணக்கு கஷ்டம், செலவும் ஆகும்" என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கஷ்டம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பதற்கே இந்தக் கட்டுரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல்நிலைக் கணிதம் ரூபாயில் மலிவு, நேரத்தில் விலை அதிகம். அந்த நேரத்துக்கு ஈடு கொடுக்க ஆளில்லாத 2 ஆண்டுகளில்தான் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் கணிதத்தை விடுகிறார்கள். கீழே "வைத்துக்கொள்வோம்" என்று வரும் எண்களெல்லாம் கணக்குப் போடுவதற்காக எடுத்தவை. அந்த இடங்களில் உங்கள் வீட்டு எண்ணைப் போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

1. பாடத்தின் அளவு

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கியது. அதற்கு முன் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பாக இருந்தது, பள்ளிக்குள் 2 ஆண்டுப் படிப்பாக வந்தது. இன்றைய பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் கணிதத்துக்கு 12 பாடங்கள், பிளஸ் டூவுக்கு 12 பாடங்கள். மொத்தம் 24 பாடங்கள், 4 தொகுதி நூல்கள்.

பிளஸ் ஒன்னில் கணங்கள், முக்கோணவியல், சேர்மானவியல், அணிகள், வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், நிகழ்தகவு எல்லாம் அறிமுகமாகின்றன. பிளஸ் டூவில் கலப்பு எண்கள், சமன்பாட்டியல், நுண்கணிதத்தின் பயன்பாடுகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவு பரவல்கள், தனிநிலைக் கணிதம் வருகின்றன. முதல் 12 இல்லாமல் அடுத்த 12 நிற்காது. சில பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு நேரே பிளஸ் டூ பாடத்துக்குப் போகும் வழக்கம் இருந்தது. அதைத் தடுக்கவே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. இனி முதல் 12 பாடங்களையும் முழுதாக நடத்தும் பொறுப்பு பள்ளியிடமே இருக்கிறது. பெற்றோர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? ஆண்டுக்கு 200 நாள், நாளுக்கு 45 நிமிடத்தில் ஒரு பாடவேளை என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 150 மணி, இரண்டு ஆண்டுக்கு 300 மணி, ஒரு பாடத்துக்கு 12½ மணி. இங்கிலாந்தில் 16 வயது முதல் 18 வயது வரை படிக்கும் ஏ-லெவலில் ஒரு பாடத்துக்கு ஒதுக்கும் கற்பித்தல் நேரம் 360 மணி. மேல் கணிதத்தையும் தனிப்பாடமாக எடுத்தால் இன்னொரு 360 மணி. அங்கே மாணவர் பொதுவாக எடுப்பது 3 பாடம். இலங்கையில் உயர்தரக் கணிதப் பிரிவு மாணவருக்கும் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்று முதன்மைப் பாடங்கள் 3தான். நம் பிள்ளைகளுக்கு மொழிப்பாடம், ஆங்கிலம் சேர்த்து 6. பள்ளி நேரம் மட்டும் போதாது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. மீதியை வீடுதான் தர வேண்டும்.

2. மதிப்பெண்ணின் கணக்கு

முன்பு 200 மதிப்பெண்ணுக்கு நடந்த பிளஸ் டூ கணிதத் தேர்வு இப்போது 100க்கு நடக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 90 இப்படிப் பிரிகிறது:

ஒரு மதிப்பெண் வினா 20: 20 மதிப்பெண்
இரண்டு மதிப்பெண் வினா, 10இல் 7: 14 மதிப்பெண்
மூன்று மதிப்பெண் வினா, 10இல் 7: 21 மதிப்பெண்
ஐந்து மதிப்பெண் வினா 7, ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்று: 35 மதிப்பெண்

தாளில் அச்சாவது 54 கணக்கு, எழுத வேண்டியது 41. நேரம் 180 நிமிடம், அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம். ஒரு மதிப்பெண் வினாவுக்கு 1 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 4, மூன்று மதிப்பெண்ணுக்கு 6, ஐந்து மதிப்பெண்ணுக்கு 11 நிமிடம் என்று பழகினால் 20 + 28 + 42 + 77 = 167 நிமிடம். சரிபார்க்க 13 நிமிடம் மிஞ்சும்.

கணிதத்துக்குப் பயப்படும் வீடுகள் இன்னொரு கூட்டலையும் பார்க்க வேண்டும். ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றுகூட வராத பிள்ளைக்கும் 20 + 14 + 21 = 55 மதிப்பெண்ணுக்கு வழி இருக்கிறது. அகமதிப்பீடு முழுதாகக் கிடைத்தால் 65. தேர்ச்சிக்கு வேண்டியது 35. சிறிய கணக்குகளை நாள்தோறும் போட்டுப் பார்க்கும் பிள்ளை தோற்கும் பாடம் இல்லை இது.

தரவரிசையில் கணிதத்தின் எடை இரட்டிப்பு. கணிதம் 60, இயற்பியல் 80, வேதியியல் 80 வாங்கிய மாணவிக்கு 60 + 40 + 40 = 140. இயற்பியலில் 20 கூடினால் 150. கணிதத்தில் அதே 20 கூடினால் 160. உழைப்பை எங்கே போட்டால் பலன் அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

3. ரூபாய்ப் பக்கம்

அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லை. பாடநூல் இலவசம், பேருந்துப் பயண அட்டை இலவசம், பிளஸ் ஒன்னில் மிதிவண்டி இலவசம். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஆய்வகம் வேண்டும். கணிதத்துக்குப் பேனாவும் தாளும் போதும்.

ஆனால் பத்தாம் வகுப்போடு ஒரு வரவு நின்றுபோகிறது. சத்துணவுத் திட்டம் பத்தாம் வகுப்பு வரைதான். பிளஸ் ஒன் சேர்ந்த நாள் முதல் மதியச் சோறு வீட்டுச் செலவு. விலையில்லாச் சீருடையும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இரண்டு ஆண்டுச் செலவை இப்படி வைத்துக்கொள்வோம்:

நோட்டு, வரைபடத்தாள், வடிவியல் பெட்டி: ரூ.3,000
சீருடை, செருப்பு, பை: ரூ.4,000
மதிய உணவு, நாளுக்கு ரூ.40 வீதம் 400 நாள்: ரூ.16,000
கணித டியூஷன், மாதம் ரூ.800 வீதம் 20 மாதம்: ரூ.16,000
மொத்தம்: ரூ.39,000

இதில் கணிதத்துக்கென்று ஆகும் செலவு நோட்டும் டியூஷனும்தான். உணவும் சீருடையும் எந்தப் பிரிவை எடுத்தாலும் உண்டு. பள்ளியில் பாடம் சரியாக நடந்து டியூஷன் தேவைப்படாமல் போனால் மொத்தமே ரூ.23,000. "செலவு அதிகம் என்பதால் கணிதப் பிரிவு வேண்டாம்" என்ற பேச்சு இந்தப் பக்கத்தில் நிற்கவில்லை.

4. நேரப் பக்கம்

பெரிய தொகை இங்கேதான் இருக்கிறது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நிறம். ஒருவரே தனியாக ஓட்டும் தறி இல்லை அது. மறுபக்கம் நாடா தள்ள ஒரு உதவியாள் வேண்டும். காஞ்சிபுரத்தில் பல ஆண்டுகள் அந்த இடத்தில் உட்கார்ந்தது பிள்ளைகள். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் சிறு பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தன. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் எல்லை 14 வயது. பிளஸ் ஒன் பிள்ளைக்கு வயது 15, 16. "சாயந்திரம் கொஞ்சம் தறியில உக்காரு" என்று அப்பா கூப்பிடுவது அந்த வயதில்தான்.

ஒரு நாளைப் பிரித்துப் பார்ப்போம். தூக்கம் 7 மணி, பள்ளியும் போக்குவரத்தும் 9, குளியல், சாப்பாடு, மற்ற வேலைகள் 3. மொத்தம் 19. மீதி 5 மணி. தறிக்கு 2 மணி கொடுத்தால் படிக்க 3 மணி. 6 பாடத்துக்குப் பிரித்தால் பாடத்துக்கு 30 நிமிடம். தறிக்குப் போகாத பிள்ளைக்குப் பாடத்துக்கு 50 நிமிடம். ஆண்டுக்கு 300 நாள் என்றால் முதல் பிள்ளைக்கு வீட்டில் கணிதம் படிக்க 150 மணி, இரண்டாம் பிள்ளைக்கு 250 மணி. இரண்டு ஆண்டில் வித்தியாசம் 200 மணி. 24 பாடத்துக்குப் பிரித்தால் பாடம் ஒன்றுக்கு 8 மணிக்கு மேல். பள்ளி ஒரு பாடத்துக்குத் தரும் 12½ மணியில் மூன்றில் இரண்டு பங்கு இது.

அந்த 2 மணியின் விலை என்ன? ஆண்டுக்கு 600 மணி. பிள்ளை எழுந்துபோனால் அந்த இடத்துக்கு ஓர் ஆளை வைக்க மணிக்கு ரூ.50 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ரூ.30,000, இரண்டு ஆண்டுக்கு ரூ.60,000. முன்பக்கத்து ரூ.39,000-ஐச் சேர்த்தால் ரூ.99,000. ஐந்தில் மூன்று பங்கு தறியின் நேரம். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்திய நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் ரூ.5,000-க்கும் கீழ். காஞ்சிப் பட்டின் கூலி கூடுதலாக இருக்கும் வீட்டிலும் ஆண்டுக்கு ரூ.30,000 சின்னத் தொகை இல்லை. பிள்ளையைத் தறிக்குக் கூப்பிடும் அப்பாவிடம் இருப்பது அக்கறைக் குறைவு இல்லை, ஆள் குறைவு.

5. பழைய பேரேட்டில் இரண்டு பெயர்கள்

சீனிவாச ராமானுஜன் சிறுவயதில் சில காலம் காஞ்சிபுரத்தில் பள்ளிக்குப் போனவர். தாய்வழித் தாத்தாவுக்கு இங்கே நீதிமன்றத்தில் வேலை. அவர் தந்தை கும்பகோணத்தில் சேலைக் கடைக் கணக்கர், மாதச் சம்பளம் ரூ.20. அந்தக் காலத்தில் பள்ளிப்படிப்புக்கும் பட்டப்படிப்புக்கும் நடுவே இருந்த 2 ஆண்டுப் படிப்பு எஃப்.ஏ. இன்றைய பிளஸ் ஒன், பிளஸ் டூவின் இடம் அது. 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதத்தில் மட்டும் மூழ்கி மற்றப் பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். ஒரு பருவக் கட்டணம் ரூ.32, தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளம். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் ரூ.30-க்கு எழுத்தர் வேலை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் ரூ.75 உதவித்தொகை தந்தது. மாதந்தோறும் வந்த அந்த 75 ரூபாய்தான் அவர் நேரத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு அவர் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

இரண்டாவது பெயர் இந்த ஊருடையது. 1909இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, பச்சையப்பன் பள்ளியில் படித்தார். குடும்ப வருமானத்துக்காகப் படிப்பை இடையில் நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். பின்னர் மீண்டும் படித்துச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1967இல் முதலமைச்சர் ஆனார். அறிவு குறைந்து படிப்பு நிற்பதைவிட, மாத வருமானம் குறைந்து படிப்பு நிற்பதுதான் அதிகம் என்பதற்கு இருவருமே சான்று. இன்று கட்டணம் என்ற வரி அரசுப் பள்ளியில் பூஜ்யம். நேரம் என்ற வரி அப்படியே நிற்கிறது.

6. தறியில் ஏற்கெனவே இருக்கும் கணிதம்

"நம்ம வீட்டுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் பெற்றோருக்கு இந்தப் பகுதி. புட்டாவோ மயிலோ அன்னமோ, டிசைன் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் பிறக்கிறது. நிறைந்த கட்டத்துக்குப் பாவு நூல் மேலே எழும், காலிக் கட்டத்துக்கு எழாது. அந்தத் தாளைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறார்கள். துளை உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. பிளஸ் டூ நூலின் கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதத்தில் வரும் பூலியன் அணி இதுதான். 120 கொக்கிக்கு 100 அட்டை என்றால் 120 × 100 = 12,000 இடங்களில் 0 அல்லது 1. ஒரு புட்டா முடிந்து அடுத்தது அதே அட்டையிலிருந்து மறுபடி தொடங்குவது, அதே பாடத்தில் வரும் மட்டு எண்கணிதம்.

பட்டு நூலின் கனத்தை டெனியரில் சொல்கிறோம். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 21 டெனியர் நூல் ஒரு கிலோ வாங்கினால் 1,000 ÷ 21 × 9,000, ஏறத்தாழ 4,28,500 மீட்டர். 428 கிலோமீட்டர் நூலை எடையிலிருந்தே எண்ணிவிடலாம். பாவின் நீளம், ஊடையின் அளவு, ஜரிகையின் எடை, சேதாரம் எல்லாவற்றையும் மனக்கணக்காகப் போடும் அப்பாவின் பிள்ளைக்குக் கணிதம் அந்நியமான பாடம் இல்லை. அந்தக் கணக்கைக் குறியீட்டில் எழுதக் கற்றுக்கொள்வதுதான் மேல்நிலைக் கணிதம்.

7. வரவுப் பக்கம்

இருக்கும் உதவிகளை வரிசைப்படுத்தினால் ஓர் இடைவெளி கண்ணில் படுகிறது.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் வென்றால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு ரூ.12,000. மேல்நிலை 2 ஆண்டுக்கு ரூ.24,000. பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ.3,50,000-க்குள் இருக்க வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவருக்கான முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வில் மாநிலம் முழுதும் 500 மாணவர், 500 மாணவியர் தேர்வாகிறார்கள். ஆண்டுக்கு ரூ.10,000 வீதம் இளநிலைப் பட்டம் வரை கிடைக்கும்.

இடைநிற்றலைத் தடுக்கும் ஊக்கத்தொகை பத்தாம் வகுப்புக்கு ரூ.1,500, பிளஸ் ஒன்னுக்கு ரூ.1,500, பிளஸ் டூவுக்கு ரூ.2,000. மொத்தம் ரூ.5,000. கைக்கு வருவது படிப்பு முடிந்த பிறகு.

பிளஸ் டூ முடித்து மேற்படிப்புக்குப் போனால் மாணவியருக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண், மாணவருக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000. நான்கு ஆண்டுப் பொறியியலுக்கு ரூ.48,000. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அந்த இடத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: அரசு உதவி பெறும் பள்ளி மாணவருக்கு மாதம் ரூ.1,000 உண்டு, தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். 7.5 விழுக்காடு இடம் அவர்களுக்குக் கிடையாது. நம் நகரில் உதவி பெறும் பள்ளிகள் பல. ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்ற முடிவே பிற்பாடு பல லட்சம் ரூபாய்க் கணக்காக மாறுகிறது.

கதவுகளும் தூரத்தில் இல்லை. காஞ்சிபுரத்திலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பச்சையப்பன் ஆடவர் கல்லூரி, மகளிர் கல்லூரி இரண்டும் இங்கே உண்டு. கணிதத்தையே வாழ்க்கையாகக் கொள்ள விரும்பும் பிள்ளைக்குச் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம், சென்னையில் ராமானுஜன் பெயரிலேயே ஓர் உயர்கல்வி நிறுவனம். ஜே.இ.இ. முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அதன் 300 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100.

8. நிலுவை

இப்போது கூட்டிப் பாருங்கள். திறன் தேர்வில் வெல்லாத சாதாரணப் பிள்ளைக்கு 2 ஆண்டுச் செலவு ரூ.99,000, வரவு ரூ.5,000. நிலுவை ரூ.94,000. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. மாத உதவி பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு தொடங்குகிறது. நடுவில் இருக்கும் 2 ஆண்டுகள், கணிதம் அதிக நேரத்தைக் கேட்கும் அதே 2 ஆண்டுகள். முன்பு மகாத்மா காந்தி நெசவாளர் காப்பீட்டுத் திட்டத்தில் 9 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைக்குக் காலாண்டுக்கு ரூ.300 கிடைத்தது. ஆண்டுக்கு ரூ.1,200 சிறு தொகைதான். ஆனாலும் நெசவாளர் பிள்ளையின் மேல்நிலைப் படிப்புக்கென்று தனியே ஒரு தொகை தரலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது.

அரசிடம் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, சத்துணவைப் பிளஸ் டூ வரை நீட்டுவது. இரண்டு, கைத்தறிக் குடும்பப் பிள்ளைகளுக்கு மாதம் ரூ.1,000-ஐப் பிளஸ் ஒன்னிலேயே தொடங்குவது. 1,000 பிள்ளைகளுக்கு 24 மாதம் கொடுத்தால் 2 கோடியே 40 லட்சம் ரூபாய். ஒரு மாநில அரசுக்கு இது தாங்க முடியாத தொகை இல்லை.

பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று. சங்கக் கட்டடத்தில் மாலையில் ஒரு கணித வகுப்பு. ஆசிரியருக்கு மாதம் ரூ.8,000 கொடுத்து 20 பிள்ளைகள் உட்கார்ந்தால் பிள்ளைக்கு ரூ.400, டியூஷன் செலவில் பாதி. சங்கமே அதை ஏற்றுக்கொண்டால் பிள்ளைக்குச் செலவே இல்லை.

பெற்றோரிடம் கேட்பது இதுதான். பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் பிள்ளையை உட்காரவைத்து இந்தக் கணக்கை உங்கள் எண்களில் போடுங்கள். பிள்ளைக்குக் கணிதத்தில் விருப்பம் இருந்தால், பணத்துக்குப் பயந்து வேறு பிரிவுக்கு அனுப்பாதீர்கள். தறியில் உட்காரும் 2 மணியில் ஒரு மணியையாவது பிள்ளைக்குத் திருப்பிக் கொடுங்கள். ஆண்டுக்கு 300 மணி கிடைக்கும். பள்ளி ஓராண்டில் தரும் கணித நேரத்தைப் போல அது இரண்டு மடங்கு.